மீனைச் சட்ட அளவுக்குச் சரியாக அளப்பது எப்படி? கொங்கு நாட்டு அணைகளிலும் ஆறுகளிலும் மீன் பிடிப்போர் கேட்கும் கேள்விகள்

பவானிசாகர், அமராவதி, திருமூர்த்தி, ஆழியாறு, மேட்டூர் ஆகிய அணைகளிலும் காவிரிக் கரையிலும் மீன் பிடிப்போர், "இந்த மீனை இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே பிடிக்கக் கூடாது" என்ற நிபந்தனையை எப்போதாவது கேட்டிருப்பார்கள். அந்த எண் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. ஆனால் மீனில் எங்கே தொடங்கி எங்கே முடித்தால் அந்த எண் வரும் என்று கேட்பவர் குறைவு. ஒரே கட்லாவை மூன்று பேர் மூன்று விதமாக அளந்தால் மூன்று விடைகள் வரும். அவற்றில் ஒன்றுதான் விதி சொல்லும் விடை. பரிசலில் வலை போடுவோரும், தூண்டில் போடுவோரும், சந்தையில் மீன் வாங்குவோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

விதி ஏன் நீளத்தைக் கேட்கிறது? தராசில் போட்டால் எளிதாகத் தெரிந்துவிடாதா?

தராசு எடையைச் சொல்லும். மீன் வளர்ந்துவிட்டதா என்பதைச் சொல்லாது. ஒரே நீளமுள்ள இரண்டு ரோகு மீன்களில் ஒன்று நல்ல தீனி கிடைத்துக் கொழுத்திருக்கும், மற்றொன்று கோடையில் வற்றிய நீரில் கிடந்து மெலிந்திருக்கும். சினை பிடித்த மீனின் எடை முட்டை விட்டவுடன் குறைந்துவிடும். நீளம் அப்படிக் கூடிக் குறைவதில்லை. ஓர் இனம் முதன்முதலாகச் சினைப்படும் பருவத்தை அதன் நீளத்தோடு ஒப்பிட்டே ஆய்வாளர்கள் குறைந்தபட்ச அளவைப் பரிந்துரைக்கிறார்கள். ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகே மீன் வலையில் ஏற வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கொங்கு நாட்டு அணைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் காவிரிக்கு உரியவை அல்ல. கங்கைச் சமவெளி ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவை தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை; மழைக்காலத்துப் புதுவெள்ளமும் நீரோட்டமும் அவற்றுக்கு வேண்டும். ஆகவே பெரும்பாலான அணைகளில் ஆண்டுதோறும் விரலளவுக் குஞ்சுகளை வாங்கி விடுகிறார்கள். அந்தக் குஞ்சு வளர்வதற்குள் பிடித்துவிட்டால் அரசு போட்ட பணமும் வீண், மீனவருக்கு வர வேண்டிய வருமானமும் வீண். ஏறத்தாழ ஒரே உடலமைப்போடு வளரும் மீனின் நீளம் பத்தில் ஒரு பங்கு கூடினால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 30 செ.மீ. மீனை விட்டுவிட்டு 33 செ.மீ. ஆனபின் பிடிப்பவருக்குக் கிடைக்கும் இலாபம் இதுதான்.

"நீளம்" என்று விதியில் எழுதியிருந்தால் எந்த நீளத்தை எடுத்துக்கொள்வது?

மீனுக்கு மூன்று நீளங்கள் உண்டு. முதலாவது மொத்த நீளம்: வாயை மூடிய நிலையில் தலையின் முன்நுனியிலிருந்து வால் துடுப்பின் கடைசி நுனிவரை உள்ள நேர்கோட்டுத் தூரம். இரண்டாவது கவை நீளம்: அதே முன்நுனியிலிருந்து வால் இரண்டாகப் பிரியும் கவையின் உட்பள்ளம்வரை. மூன்றாவது, வால் துடுப்பைச் சேர்க்காமல் உடலின் சதையும் முள்ளெலும்பும் முடியும் இடம்வரை அளக்கும் உடல் நீளம். இது ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படுவது. மீன் பிடிப்போருக்கான விதிகளில் அரிதாகவே வரும்.

நம் அணை மீன்களான கட்லா, ரோகு, மிர்கால் எல்லாவற்றுக்கும் வால் நன்றாகப் பிளந்திருக்கும். ஆகவே மொத்த நீளத்துக்கும் கவை நீளத்துக்கும் இடையே சில சென்டிமீட்டர் வேறுபாடு வரும். விதி மொத்த நீளத்தைச் சொல்லும்போது நீங்கள் கவைவரை அளந்தால் நல்ல மீனை வீணாக விட்டுவிடுவீர்கள். விதி கவை நீளத்தைச் சொல்லும்போது வால் நுனிவரை அளந்தால் குட்டி மீனைக் கூடைக்குள் போட்டுவிடுவீர்கள். எண்ணைக் கேட்கும்போதே "மொத்த நீளமா, கவை நீளமா?" என்றும் சேர்த்துக் கேட்டு எழுதிக்கொள்வதுதான் இந்தப் பக்கத்தில் நாங்கள் சொல்லக்கூடிய மிக முக்கியமான அறிவுரை. உரிமத்தில் வெறுமனே நீளம் என்று மட்டும் இருந்தால், நீங்களாக ஊகிக்காமல் உரிமம் கொடுத்த அலுவலகத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மொத்த நீளத்தை அளக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சமதளமான பலகையில் மீனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பலகையின் ஒரு முனையில் செங்குத்தாக ஒரு முட்டுக்கட்டை இருக்க வேண்டும்; அளவுகோலின் பூச்சியம் அந்தக் கட்டையின் உள்முகத்தில் தொடங்க வேண்டும். மீனின் வாயை விரலால் மெல்ல மூடித் தலையை முட்டுக்கட்டையில் படும்படி தள்ளுங்கள். உடல் வளையாமல், முதுகெலும்பு அளவுகோலுக்கு இணையாக இருக்கும்படி நேராக்குங்கள். பிறகு வால் துடுப்பின் இரண்டு இதழ்களையும் விதி சொல்கிறபடி வைத்து, நீண்ட இதழின் நுனி எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை நேர் மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நுனி ஒரு கோடு முன்னும் பின்னுமாகத் தெரியும்.

வாயை மூடுவதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், கட்லாவின் கீழ்த்தாடை மேல்நோக்கித் துருத்தி நிற்பது. வாய் திறந்திருந்தால் அந்தத் தாடை இன்னும் முன்னே வந்து, இல்லாத நீளத்தைக் கூட்டிக் காட்டும். ரோகுவுக்கும் மிர்காலுக்கும் வாய் தலையின் அடிப்பக்கமாக இருப்பதால் மூக்கு நுனியே முன்நுனி. எந்த மீனானாலும், மூடிய வாயோடு தலையில் எது முன்னே நிற்கிறதோ அதிலிருந்து அளவு தொடங்கும்.

வாலைக் குவிக்க வேண்டுமா, விரிந்தபடி விட வேண்டுமா?

விதியைப் பொறுத்தது. சில ஊர்களின் விதிகள் இரண்டு இதழ்களையும் விரலால் சேர்த்துக் குவித்த பின் அளக்கச் சொல்கின்றன. வேறு சில, வால் இயல்பாக இருக்கும் நிலையில் அளக்கச் சொல்கின்றன. குவித்தால் நுனி இன்னும் பின்னே போகும், ஆகவே அளவு சற்றுக் கூடும். விதியில் எதுவும் சொல்லப்படாதபோது, இயல்பான நிலையில் அளந்தாலும் எல்லையைத் தாண்டுகிற மீனை மட்டும் வைத்துக்கொண்டால் எந்தச் சோதனையிலும் சிக்கல் வராது.

தையல் டேப்பை மீனின் மேல் வைத்து அளக்கலாமா?

கூடாது. திருப்பூர், ஈரோடு பக்கம் தையல் டேப் இல்லாத வீடு இல்லை என்பதால் பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அதில் இரண்டு பிழைகள் உண்டு. டேப் மீனின் வயிற்றுப் புடைப்பின் மேல் வளைந்து செல்வதால் நேர்கோட்டுத் தூரத்தைவிட நீண்ட எண்ணைக் காட்டும்; கட்லாவைப் போல உயரமும் பருமனும் உள்ள மீனில் இந்தப் பிழை பெரிதாகும், ஆராலைப் போல ஒல்லியான மீனில் சிறிதாகும். அடுத்து, துணி டேப் நனைந்து பழகினால் இழுபடும். வேறு வழியே இல்லையென்றால் டேப்பைத் தரையில் நேராக விரித்து, அதன் மேல் மீனைப் படுக்க வைத்து அளக்கலாம். மீனின் மேல் டேப்பை வைப்பது எப்போதும் தவறு.

இரும்பு டேப்பில் முன்னால் உள்ள கொக்கி சற்றே ஆடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அது சுவரில் முட்டியும் விளிம்பில் மாட்டியும் அளப்பதற்கான ஏற்பாடு. மீனின் வாயில் கொக்கியை மாட்டி இழுப்பதும் சரியான முறை அன்று.

அளவுப் பலகையை நாமே செய்துகொள்ளலாமா?

தாராளமாகச் செய்துகொள்ளலாம், கடையில் தேட வேண்டிய தேவையே இல்லை. முக்கால் மீட்டர் நீளமுள்ள வளையாத பலகை, ஒரு முனையில் ஆணி அடித்த முட்டுக்கட்டை, பலகையின் மேல் பதித்த ஒரு எஃகு அளவுகோல் ஆகிய மூன்றும் போதும். பூச்சியம் கட்டையின் உள்முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்பதை மட்டும் இரண்டு முறை பார்த்துவிடுங்கள். எஃகு அளவுகோல்கள் பலவற்றில் பூச்சியத்துக்கு முன் சிறிது வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தை அராவி நீக்காமல் பதித்தால் ஒவ்வொரு மீனும் சில மில்லிமீட்டர் குறைவாகவே காட்டும். நீளவாக்கில் பாதியாக அறுத்த பிவிசி குழாயிலும் இதேபோல் செய்யலாம். மீன் நழுவாமல் கிடக்கும் என்பதால் பரிசலுக்கு அது இன்னும் பொருத்தமாக இருக்கும்.

நீங்கள் அடிக்கடி பிடிக்கும் மீனின் எல்லை எந்தக் கோடோ அங்கே சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். விடியற்காலை இருட்டில், ஆடும் பரிசலில், எண்ணைப் படிப்பதைவிடக் கோட்டைப் பார்ப்பது எளிது.

"ஒரு சாண் இருந்தால் போதும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

சாண் அவரவர் கைக்கு ஏற்ப மாறும். கண்மதிப்பாகப் பெரிதையும் சிறிதையும் பிரிக்க அது உதவும். எல்லைக்கு அருகே வரும் மீனுக்குப் பலகைதான் சான்று. உங்கள் சொந்தச் சாண் எத்தனை செ.மீ. என்பதை ஒரு முறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

எல்லை 30 செ.மீ. என்றால், 29.8 செ.மீ. மீனை 30 என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்ட அளவில் மேல்நோக்கி முழுமைப்படுத்தும் வழக்கம் கிடையாது. 29.8 என்பது எல்லைக்குக் கீழேதான். சரியாக 30 செ.மீ. இருக்கும் மீனைப் பற்றிய விடை விதியின் சொல்லில் இருக்கிறது: "30 செ.மீ.க்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது" என்றிருந்தால் சரியாக முப்பது உள்ள மீனை வைத்துக்கொள்ளலாம், "30 செ.மீ.க்கு மேற்பட்ட மீனை மட்டுமே பிடிக்கலாம்" என்றிருந்தால் அதை விட்டுவிட வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் மீனை விட்டுவிடுவதே எங்கள் பரிந்துரை. காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

கரையில் சரியாக இருந்த மீன், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தபோது அளவு குறைந்திருந்தது. இது நடக்கக்கூடியதா?

நடக்கக்கூடியதே. இறந்த மீனின் தசை விறைக்கிறது. ஐஸிலும் குளிர்பெட்டியிலும் நீரை இழந்து உடல் சற்றுச் சுருங்குகிறது. வால் துடுப்பின் மெல்லிய நுனி உலர்ந்து மடங்கவும் உடையவும் கூடும். பெட்டிக்குள் மீனை வளைத்து வைத்திருந்தால், விறைத்த பின் அதை நேராக்குவதும் கடினம். சோதனை செய்யும் அலுவலர் தம் முன்னே உள்ள மீனைத்தான் அளப்பார். பிடித்த நேரத்தில் அது என்ன அளவு இருந்தது என்பதை அவருக்கு நிரூபிக்க வழியில்லை. ஆகவே எல்லையைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும் மீனை மட்டும் வைத்துக்கொள்வதும், அதைப் பெட்டியில் நேராகக் கிடத்துவதும் நல்லது. சுருங்கிய மீனைத் தலையையும் வாலையும் பிடித்து இழுத்து நீட்டுவது அளவையே அல்ல.

விடப்போகும் மீனை அடிபடாமல் அளப்பது எப்படி?

அளந்த பின் மீன் செத்துவிட்டால் அளந்ததன் பயனே போய்விடும் என்பதால் இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்கிறோம்.

மீனின் உடல்மேல் உள்ள வழவழப்பு அதன் தோலைக் கிருமியிலிருந்து காக்கும் படலம். உலர்ந்த கையும் உலர்ந்த பலகையும் அதை உரித்துவிடும். கையையும் பலகையையும் முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கிடந்த பலகையும் அதில் பதித்த எஃகும் கொதிக்கும். அதன் மேல் மீனைப் போடுவதற்கு முன் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்யுங்கள். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்க வேண்டாம். ஒரு கை தலைக்குப் பின்னால், ஒரு கை வாலுக்கு முன்னால், அடியிலிருந்து தாங்கிப் பிடியுங்கள். துள்ளும் மீனின் கண்ணை நனைந்த துணியால் மூடினால் பெரும்பாலும் அடங்கும். பலகையைத் தூண்டிலைக் கழற்றுவதற்கு முன்பே தயாராக வைத்திருந்தால், மீன் நீருக்கு வெளியே இருக்கும் நேரம் மிகவும் குறையும். பார்த்தவுடனே சிறிது என்று தெரிகிற மீனை அளக்கவே வேண்டாம், உடனே விட்டுவிடுங்கள்.

விடும்போது கரையிலிருந்து வீசாமல், நீருக்குள் தாங்கிப் பிடித்து, செவுள் சீராக அசைந்து அது தானாக நீந்தும்வரை காத்திருங்கள்.

வால் கடிபட்ட மீனை எப்படி அளப்பது? தலையை நீக்கிய மீனுக்கு என்ன செய்வது?

வால் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கே அளவு. "முழு வால் இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்கும்" என்ற கணக்கை யாரும் ஏற்க வேண்டியதில்லை. தலையோ வாலோ நீக்கிய மீனை அளக்க வழியே இல்லாததால், கரை சேர்ந்து எடை போட்டுப் பதிவு முடியும்வரை மீனை முழுதாகவே வைத்திருங்கள்.

விரால், கெளுத்தி, ஆரால் இவற்றுக்கும் இதே முறைதானா?

விராலுக்கு வால் உருண்டையாக இருப்பதால் கவை என்பதே இல்லை. வால் வளைவின் நடுநுனிவரை மொத்த நீளம் அளந்தால் போதும். ஆராலுக்கும் அப்படியே, ஆனால் அது நெளிவதால் பிவிசி குழாய்ப் பலகையில் அளப்பதே எளிது. கெளுத்திக்கும் வாளைக்கும் மீசை உண்டு. மீசை முன்னே நீண்டு கிடந்தாலும் அது அளவில் சேராது. கெளுத்தியின் துடுப்பு முள் குத்தினால் கடுமையாக வலிக்கும் என்பதால், அதைப் பலகையில் வைக்கும்போது நனைந்த துணியால் பிடிப்பது பாதுகாப்பு.

எங்கள் அணையில் எந்த மீனுக்கு என்ன அளவு என்பதை யார் சொல்வார்கள்?

உள்நாட்டு நீர்நிலைகளுக்கு அடிப்படையாக இருப்பது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்குகிறது. வலையின் வகையையும் அளவையும் ஒழுங்குபடுத்தும் விதிகளை இயற்ற மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பவானிசாகர், அமராவதி, திருமூர்த்தி, ஆழியாறு போன்ற அணைகளின் மீன்வளத்தைத் தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகம் கவனித்து வந்திருக்கிறது. மற்ற நீர்நிலைகள் மீன்வளத் துறையின் பொறுப்பிலோ, ஊராட்சியின் பொறுப்பிலோ, குத்தகையிலோ இருக்கும். பொறுப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் நிபந்தனையும் மாறும். பக்கத்து அணையில் கேட்ட எண்ணை உங்கள் அணைக்குப் பொருத்த வேண்டாம். உங்கள் உரிமத்திலோ குத்தகைப் பத்திரத்திலோ எழுதியிருப்பதே உங்களைக் கட்டுப்படுத்தும் எண்.

வேட்டங்குடியோ வெள்ளோடோ, பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் எதுவானாலும், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் ஓடும் நீரானாலும், அங்கே வனத்துறையின் சட்டம் முன்னே நிற்கும். அளவைப் பற்றிய கேள்விக்கு அங்கே இடமில்லை.

சிறிய மீன் எதுவானாலும் திரும்ப விட்டுவிட வேண்டுமா?

எல்லா இனத்துக்கும் ஒரே விடை பொருந்தாது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் சில மாதங்களிலேயே, கையகல அளவு வருவதற்கு முன்பே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும். அது பெருகுவதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. வளர்க்கத் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மற்ற மீன்களை விழுங்கி வாழ்வது. அதை உயிரோடு வேறொரு குளத்துக்குக் கொண்டுபோய் விடுவது பெருந்தீங்கு. இதற்கு நேர்மாறானது மஹசீர். மோயாற்றிலும் காவிரியிலும் வாழும் திமில் மஹசீர் உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், விதியில் எந்த எண் இருந்தாலும், விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

உக்கடம் சந்தையில் வாங்கும் கடல் மீனுக்கும் இப்படி அளவு உண்டா?

உண்டு. கேரள அரசு 2015இல் தொடங்கிக் கடல் மீன்களுக்குக் குறைந்தபட்சச் சட்ட அளவை அறிவித்து, பின்னர் அதை 58 இனங்களுக்கு விரிவாக்கியது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ.; இரண்டும் மொத்த நீளம். கோவைக்கு வரும் மீனில் இந்த வகைகளும் உண்டு என்பதால், வாங்குவோரும் பையில் ஒரு சிறிய அளவுகோல் வைத்திருக்கலாம். ஐஸில் சற்றுச் சுருங்கியிருக்கும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். நண்டுக்கு நீளத்தைவிட ஓட்டின் அகலமே பல இடங்களில் அளவாகிறது. சிங்கி இறாலுக்கு, ஏற்றுமதிக்காக மத்திய வணிக அமைச்சகம் 2003இல் எடையையே எல்லையாக வைத்தது. இனத்தைப் பொறுத்து அது 150 முதல் 500 கிராம் வரை.

வெளிநாட்டில் இருக்கும் மகனோடு மீன் பிடிக்கப் போகிறேன். அங்கே என்ன கவனிக்க வேண்டும்?

குறைந்தபட்ச அளவோடு அதிகபட்ச அளவும் இருக்கக்கூடும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய தாய்மீன் மிகுதியான முட்டையிடும் என்பதால் அதையும் காப்பாற்றுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் முர்ரே காட் என்ற நன்னீர் மீனை 55 செ.மீ. முதல் 75 செ.மீ. வரை இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் ரெட் டிரம் என்ற மீனுக்கு 18 முதல் 27 அங்குலம். அங்கே மொத்த நீளம் என்பது வாயை மூடி, வாலைக் குவித்து அளப்பது. அதே புளோரிடாவில் ஸ்பானிஷ் மேக்கரல் மீனுக்கு 12 அங்குலம் என்பது கவை நீளம். ஒரே மாநிலத்தில், ஒரே நாளில், ஒரே கூடையில் கிடக்கும் இரண்டு மீன்களை இரண்டு முறைகளில் அளக்க வேண்டியிருக்கும். அங்குலத்தைச் சென்டிமீட்டராக்க 2.54 ஆல் பெருக்குங்கள். இருபுறமும் எண் பொறித்த அளவுகோல் இருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

வலையின் கண்ணி அளவை எப்படி அளப்பது?

கண்ணியை முழுதாக இழுத்து நீட்டி, ஒரு முடிச்சின் நடுவிலிருந்து எதிர்முடிச்சின் நடுவரை அளப்பது ஒரு முறை. கண்ணியின் ஒரு பக்கத்தை மட்டும், அடுத்தடுத்த இரண்டு முடிச்சுகளுக்கு இடையே அளப்பது இன்னொரு முறை. முதல் அளவு இரண்டாவதைப் போல இரு மடங்கு. கடைக்காரர் ஒன்றையும் உரிமம் மற்றொன்றையும் சொல்லக்கூடும் என்பதால், வலை வாங்கும்போது எந்த முறை என்று கேளுங்கள். ஒரே கண்ணியை அளந்து முடிவு செய்யாமல், அடுத்தடுத்துப் பத்துக் கண்ணிகளைச் சேர்த்து நீட்டி அளந்து பத்தால் வகுங்கள். நூல் நனைந்தால் சில வகைகள் சுருங்கும். ஆகவே ஒரு முறை நீரில் போட்டு எடுத்த பிறகு அளந்து பாருங்கள்.